அலவாங்கைத் தூக்குமுன்: காணி, வீடு பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் "காணி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. "அதிலிருந்து இதை எடுக்கலாமா, வெட்டலாமா, இடிக்கலாமா?" என்றுதான் அநேகமாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடமாகச் சட்டத்தரணியாக நிற்கிறேன். கையில் நல்ல உறுதி (காணிப் பத்திரம்) இருந்தும், ஆத்திரத்தில் அலவாங்கைத் தூக்கியதால் வழக்கைப் பலவீனமாக்கிக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே கொடுக்கிறேன். உறுதியையும் பிளானையும் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. ஏதாவது செய்வதற்கு முன் உங்கள் சட்டத்தரணியிடம் அந்தக் கடதாசிகளைக் காட்டுங்கள்.

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்துத் தையல் கடை நடத்துகிறேன். என் காசில் இரண்டு ஏசி பூட்டினேன், தரைக்கு டைல்ஸ் போட்டேன், முன்னுக்குக் கண்ணாடிக் கதவு வைத்தேன், சுவரோடு அலுமாரிகள் அடித்தேன், பின்பக்கம் தகரக் கொட்டில் ஒன்றும் போட்டேன். அடுத்த மாதம் குத்தகை முடிகிறது. "ஒரு ஆணிகூட எடுக்கக்கூடாது" என்கிறார் கட்டடக்காரர். அவர் சொல்வது சரியா?

பதில்: முழுக்கச் சரியில்லை, தங்கச்சி. ஆனால் முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். "குத்தகைக்காரர் செய்யும் எல்லா நிரந்தர வேலைகளும் சொந்தக்காரருக்கே சேரும்" என்பது போன்ற வரி ஒன்று இருந்தால், அந்த வரியிலிருந்துதான் நாங்கள் தொடங்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், நொத்தாரிஸ் முன்னால், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க, கையெழுத்தாகியிருக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெள்ளவத்தையில் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு "அக்ரிமென்ட் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை.

ஒப்பந்தம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது எங்கள் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்துக்குப் போகிறோம். நிலத்தோடு நிரந்தரமாய் ஒட்டியது நிலத்தோடேயே சேரும் என்பது அதன் அடிப்படை. எது ஒட்டியது, எது ஒட்டாதது என்று எப்படிப் பிரிப்பது? இதைச் சட்டக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். என் அப்பா கொட்டாஞ்சேனையில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். கதவு நிலையைச் சுவருக்குள் இரும்புப் பிடி வைத்துக் கட்டுவார்கள். கதவுப் பலகை பிணைச்சலில் தொங்கும். அலுமாரி தன் காலிலேயே நிற்கும். "பலகையைத் திருகாணி கழற்றி எடுக்கலாம் பிள்ளை, நிலையை எடுத்தால் சுவரும் கூட வரும்" என்பார். நீதிமன்றம் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: பொருள் எப்படிப்பட்டது, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, பொருத்தியவர் அதை அங்கேயே விட்டுவிடும் எண்ணத்தோடு பொருத்தினாரா.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஏசி இரண்டும் உங்களுடையவை. கழற்றுங்கள், சுவரில் விழும் ஓட்டைகளைப் பூசிக் கொடுங்கள். திருகாணியில் நிற்கும் அலுமாரிகளும் அப்படியே. டைல்ஸை மறந்துவிடுங்கள். அதைப் பெயர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது உடைந்த துண்டு, அவருக்குக் கிடைப்பது நட்டஈட்டு வழக்கு. கண்ணாடிக் கதவை எடுப்பதென்றால் முன்பிருந்த கதவைத் திரும்பப் பூட்டிக் கொடுக்க வேண்டும். அதை வைத்திருக்கிறீர்களா? கொட்டிலின் தகரத்தையும் போல்ட் போட்ட குழாய்களையும் கழற்றலாம், கொங்கிறீட்டில் புதைத்த தூண்களை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் குத்தகை நடக்கும்போதே, சாவி உங்கள் கையில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து லொறியோடு வந்தால் உங்கள் உரிமை பலவீனமாகிவிடும். இன்றைக்கே ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். வாங்கிய பில்களைத் தேடி எடுங்கள். "இன்ன இன்னவற்றை இன்ன திகதியில் கழற்றப்போகிறேன்" என்று அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். டைல்ஸை அவர் சம்மதத்தோடு போட்டதற்கு எழுத்தில் ஏதாவது, வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, இருந்தால் அதற்கு இழப்பீடு கேட்டுப் பார்க்கலாம்.

"காசு தரும்வரை கடையை விடமாட்டேன்" என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். குத்தகை முடிந்தும் வெளியேறாதவர்களை வெளியேற்றுவதற்கென்றே 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒரு சுருக்க வழியைச் சொந்தக்காரர்களுக்குத் தந்திருக்கிறது.

கேள்வி: மேடம், எங்கள் அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த வீடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. உறுதி அப்பா பெயரில். அப்பா 2011 இலும் அம்மா 2019 இலும் காலமானார்கள். உயில் எழுதவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள். நடு அண்ணா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தால் முன் கதவு, இரண்டு ஜன்னல்கள், மாடிப்படியின் தேக்குக் கைப்பிடி ஒன்றுமே இல்லை. விற்றுவிட்டாராம். "நான்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு உரிமை இருக்கிறது" என்கிறார். இத்தனை வருடம் அவர் இருந்ததால் வீடு அவருக்கே ஆகிவிடுமா? அண்ணா மேல் பொலிஸுக்குப் போக மனம் வரவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரி எனக்கு விளங்குகிறது, தங்கச்சி. அண்ணாமேல் முறைப்பாடு செய்வதை எழுதும்போதே உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, பொலிஸ் இல்லாத வழியையும் சொல்கிறேன்.

உயில் இல்லாததால் வீடு மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்றாய் வந்திருக்கும். அப்பா காலமானபோது பாதி அம்மாவுக்கும் பாதி பிள்ளைகளுக்கும், பிறகு அம்மாவின் பாதியும் உங்களுக்கே, என்பது பொதுச் சட்டத்தின் கணக்கு. பெற்றோர் வடக்கைச் சேர்ந்தவர்களாய் இருந்து, அங்குள்ள தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டிருந்தாலோ, உங்களுக்குச் சீதன உறுதி எழுதப்பட்டிருந்தாலோ கணக்கு மாறலாம். சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது அந்த உறுதியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மூன்றில் ஒன்று என்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அண்ணாவுக்கு முன் அறை, உங்களுக்குக் குசினி என்று பிரிந்துவிடவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு நிலையிலும் உங்கள் மூவருக்கும் பங்கு உண்டு. அந்தக் கைப்பிடியிலும் உங்கள் பங்கு இருந்தது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் குடியிருக்கலாம், நியாயமாகப் பாவிக்கலாம். மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் அதன் உடலை அழிக்கவோ கழற்றி விற்கவோ முடியாது. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். விற்றவற்றின் பெறுமதிக்குக் கணக்கும் கேட்கலாம்.

அடுத்தது நீங்கள் பயப்படும் விஷயம். பத்து வருடம் இடையூறில்லாமல், மற்றவரின் உரிமைக்கு எதிராக ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை வரும் என்கிறது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆனால் கூட்டுச் சொந்தக்காரருக்கு அது இலேசில் கிடைக்காது. 1911 இல் கொறயா எதிர் அப்புஹாமி என்ற வழக்கில் அந்தக் காலத்தில் எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் இது: ஒரு பங்காளியின் அனுபவம், அதாவது காணியைக் கையில் வைத்து ஆளுதல், எல்லாப் பங்காளிகளின் அனுபவமாகவே கொள்ளப்படும். "இனி இது எனக்கு மட்டும்" என்று மற்றவர்களை வெளிப்படையாக வெளியேற்றியதற்கு ஒப்பான ஒரு செயல் நடந்த பிறகுதான் பத்து வருடம் ஓடத் தொடங்கும். அண்ணா வீட்டில் இருந்தது மட்டும் அதற்குப் போதாது. ஆனால் கதவுகளைக் கழற்றி விற்றுவிட்டு "எனக்கு உரிமை" என்று அவர் சொன்னதை நீங்கள் சும்மா விட்டால், அந்த நாளைத்தான் அவருடைய சட்டத்தரணி பிற்காலத்தில் காட்டுவார். அதனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எதிர்ப்பை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் பாகப்பிரிவினை வழக்குத்தான். நீதிமன்றம் நில அளவையாளர் ஒருவரை ஆணையாளராக அனுப்பும். அவர் அளப்பதோடு நிற்காமல், கட்டடங்கள், மரங்கள், அவற்றின் வயது, யார் எதை உரிமை கோருகிறார்கள் என்பதையெல்லாம் அறிக்கையில் எழுதுவார். காலம் எடுக்கும் வழக்கு இது. நான் இளம் சட்டத்தரணியாய்த் தொட்ட ஒரு பாகப்பிரிவினையில், தீர்ப்பு வரும்போது வழக்கைப் போட்டவரின் பேரன் வந்து கையெழுத்திட்டான். உங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அப்படி ஒன்று வேண்டாம் என்றே விரும்புகிறேன். ஒரு பொது உறவினரை வைத்துப் பேசுங்கள். ஒருவர் மற்ற இருவரின் பங்கை விலைக்கு வாங்கலாம், அல்லது மூவரும் சேர்ந்து விற்கலாம். எந்த முடிவாக இருந்தாலும் நொத்தாரிஸ் முன்னால் உறுதியாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு அப்பாவோடு சாவகச்சேரிக்குப் போனேன். அப்பம்மாவின் வீடு சுவராக மட்டும் நின்றது. ஓடு, கதவு, ஜன்னல், வளை, ஒன்றும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. அப்பா சுவரில் இரும்புப் பிடி இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கழற்றவில்லை, பிடுங்கியிருக்கிறார்கள்" என்றார். அதற்குப் பிறகு கொழும்பு வரும்வரை அவர் பேசவேயில்லை. அந்நியர் செய்ததே அப்படி வலித்தது. உடன்பிறந்தவர் செய்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணாவிடம் இதைக் கோபமாய் இல்லாமல் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தெகிவளையில் எங்கள் மதிலை ஒட்டிப் பக்கத்து வீட்டுப் பலா மரம் நிற்கிறது. வேர் வந்து மதில் வெடித்துவிட்டது. ஒரு பெரிய கிளை எங்கள் கூரைக்கு மேலே நிற்கிறது. மழைக்காலம் வந்தால் நித்திரை இல்லை. நாங்களே வெட்டலாமா? எங்கள் பக்கம் தொங்கும் காய்கள் யாருக்கு?

பதில்: அடிமரம் எந்தக் காணியில் நிற்கிறதோ, மரம் அந்தக் காணிக்காரருக்கு. காய் உங்கள் பக்கம் தொங்கினாலும் மரம் அவருடையதுதான், ஐயா, பறிக்காதீர்கள். அடிமரம் எல்லைக் கோட்டிலேயே நின்றால் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

எல்லை தாண்டி வரும் கிளையையும் வேரையும் நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் அவரிடம் வெட்டச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில். மறுத்தால் உங்கள் எல்லைக்கோடு வரையுள்ள பகுதியை அகற்ற உரிமை கோரலாம். ஆனால் அவருடைய வளவுக்குள் ஏறவோ அடிமரத்தைக் கோடரியால் தொடவோ கூடாது. வேரை ஆழமாய் வெட்டி மரம் அவருடைய வீட்டின் மேல் சாய்ந்தால் பொறுப்பு உங்கள் தலையில் வரும்.

இது பலா மரம் என்பதால் இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சொந்தக் காணியில் நிற்கும் சொந்த மரத்துக்கும் இது பொருந்தும். சோற்றுக்கு வழியில்லாத காலங்களில் சனத்தைக் காப்பாற்றிய மரங்கள் இவை. அந்தச் சட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் "சரி, வெட்டுவோம்" என்று சம்மதித்தாலும், முதலில் கிராம அலுவலரிடம் சொல்லிப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அவர் அசையவில்லை என்றால் மாநகர சபைக்கு "ஆபத்தான மரம்" என்று படங்களோடு எழுதுங்கள். பொலிஸிலும் ஒரு முறைப்பாடு பதியுங்கள். பொலிஸ் பெரும்பாலும் உங்களை மத்தியஸ்த சபைக்கு அனுப்பும். அதைத் தட்டிக் கழித்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டைகளில் நிறையவற்றை நல்லபடியாக முடித்துவைப்பது அங்கே மேசையைச் சுற்றி உட்காரும் அந்தப் பெரியவர்கள்தான். விழுந்தால் ஆட்களுக்கு ஆபத்து என்ற நிலைமை இருந்தால் பொதுத் தொல்லையாக நீதவான் முன்னாலும் கொண்டுபோகலாம்.

கேள்வி: வத்தளையில் 12 பேர்ச் காணியும் பழைய வீடும் வாங்கினேன். உறுதி முடிந்து மூன்று வாரம் கழித்து, விற்றவர் லொறியோடு வந்து தண்ணீர்த் தாங்கி, இரும்புக் கேற், கிணற்று மோட்டர், மூலையில் குவித்திருந்த செங்கல் எல்லாம் தன்னுடையது என்கிறார்.

பதில்: செங்கலைக் கொடுத்துவிடுங்கள். குவித்து வைத்த கல் நிலத்தோடு ஒட்டாதது, அசையும் பொருள். உறுதியில் அது உங்களுக்கு விற்கப்பட்டதாக இல்லாவிட்டால் அவருடையது. கேற், தூணில் கட்டிய தாங்கி, குழாயோடு பொருத்திய மோட்டர் மூன்றும் காணியோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிட்டன. எங்கள் உறுதிகளில் வழக்கமாக வரும் "அதிலுள்ள கட்டடங்கள், மரங்கள், பயிர்கள் மற்றும் யாவும் உட்பட" என்ற வரியை உங்கள் உறுதியில் தேடிப் பாருங்கள். "மோட்டரை எடுப்பேன் என்று முதலிலேயே வாயால் சொன்னேனே" என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் அதை உறுதியில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இல்லாத நேரம் வந்து கழற்றிக்கொண்டு போனால் அது களவாகவே முடியலாம். நிலத்தோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைக் "களவெடுக்க" முடியாது, பிரித்தெடுத்த கணத்திலிருந்து அது களவுக்கு உரிய பொருளாகிவிடுகிறது என்று எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 366 ஆம் பிரிவின் விளக்கத்தில் அழகாகச் சொல்லியிருக்கிறது. இதை அவருக்குப் பதமாகச் சொல்லுங்கள். அநேகமாகத் திரும்பிப் போய்விடுவார்.

கேள்வி: தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது, உறுதியும் இருக்கிறது. ஹோலைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்க நினைக்கிறோம். சொந்த வீடுதானே, யாரைக் கேட்க வேண்டும்?

பதில்: உங்களுக்குச் சொந்தமானது அந்த வீட்டுக்குள்ளே உள்ள இடம். தூண், வளை, பாரம் தாங்கும் சுவர், வெளிச்சுவர், கூரை எல்லாம் அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான பகுதிகள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் பதிந்த பிளானைக் கேட்டு வாங்குங்கள், ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரிடம் காட்டுங்கள், அவர் எழுதித் தந்த பிறகு உரிய அனுமதிகளை எடுங்கள். உங்களுக்கு மேலே குடும்பங்கள் நித்திரை கொள்கின்றன. இதில் அவசரம் வேண்டாம்.

கேள்வி: கேகாலைப் பக்கம் எனக்குக் காணி இருக்கிறது. அத்திவாரம் வெட்டும்போது பழைய மண்பானைத் துண்டுகளும் நாணயம் போன்ற சிலவும் வந்தன. மேசன் "சொல்லாதீங்க அண்ணே, வேலையை நிப்பாட்டிப் போடுவாங்க" என்கிறார். வெட்டிய மண்ணை வாங்கவும் ஒருவர் நிற்கிறார். என் காணி, என் மண்தானே?

பதில்: மேசனின் பேச்சைக் கேட்காதீர்கள், தம்பி. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கணக்கிடுகிறது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போன நாள் அது. மண்ணுக்குள் கிடந்து வெளிவரும் தொல்பொருள், காணி யாருடையதாக இருந்தாலும், அரசுக்கே உரியது. உடனே அறிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். "இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்" என்று தொல்பொருள் தேடித் தோண்டினால், உங்கள் சொந்த வளவிலேயே தோண்டினாலும், அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள், வந்ததை வந்த இடத்திலேயே மூடி வையுங்கள், பிரதேச செயலகத்துக்கும் பொலிஸுக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் தெரிவியுங்கள். உங்கள் வீடு சில வாரம் தாமதமாகலாம். ஆனால் அந்தப் பானையில் சமைத்தவர்களைப் பற்றி நாங்கள் அறிந்துகொள்ள வேறு வழியில்லை.

மண் விற்பதும் அப்படியே. கனிமங்கள் அரசுக்குரியவை என்கிறது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிமங்கள் சட்டம். மண், மணல், கிரவலை அகழ்ந்து விற்க ஒரு அனுமதி, லொறியில் ஏற்றிப் போக இன்னொன்று. இரண்டும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கையில். உங்கள் வளவுக்குள்ளேயே மேடு பள்ளம் நிரப்புவது வேறு விஷயம். வீதியில் பொலிஸ் மறிக்கும்போது "என் காணி மண்" என்பது பதிலாகாது.

கேள்வி: மட்டக்குளியில் 10 பேர்ச் காணி. நாங்கள் குடும்பமாய் மடுவுக்குப் போய் வந்த மூன்று நாளில், பக்கத்துக்காரர் எங்கள் பழைய வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்கள் பக்கம் இரண்டு அடி தள்ளி மதில் எழுப்பிவிட்டார். நடந்து மூன்று கிழமை. மகன் "ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிப் போய் உடைத்துவிடுகிறேன் அம்மா" என்று நிற்கிறான். உறுதி எங்களிடம் இருக்கிறதே, உடைத்தால் என்ன?

பதில்: அம்மா, இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் மூலம் உங்களுக்கு முன்பே சொல்லி அனுப்பினேன். இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இரண்டு அடிதானே என்று ஊரார் சொல்வார்கள். உங்கள் எல்லை 68 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டடி அகலத்துக்கு 136 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆக, அரைப் பேர்ச் போய்விட்டது. மட்டக்குளியில் இன்று அரைப் பேர்ச்சின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். கோபம் நியாயமானது. ஆனாலும் மகனைத் தடுத்து நிறுத்துங்கள்.

இன்றைக்குக் கத்தி உங்கள் கையில் இருக்கிறது. மகன் மதிலை உடைத்தால் அதை நீங்களே எடுத்து அவர் கையில் கொடுத்ததாகிவிடும். அவர் பொலிஸுக்கு ஓடுவார். உங்கள் மகன்மேல் அத்துமீறல், சேதம் விளைவித்தல் என்று முறைப்பாடு வரும். வேலியைப் பிடுங்கியவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார்.

உங்களுக்கு இருக்கும் வழி 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு. காணிப் பிணக்கால் அமைதி குலையும் நிலை இருந்தால் பொலிஸ் நீதிமன்றத்துக்குத் தகவல் தாக்கல் செய்யலாம். பொலிஸ் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு செய்யலாம். அங்கே நீதவான் உறுதியில் யார் பெயர் என்று பெரிதாய் ஆராய்வதில்லை. தகவல் தாக்கலான நாளில் யார் அனுபவத்தில் இருந்தார் என்றுதான் பார்ப்பார். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்ப அனுபவத்தில் அமர்த்தும்படி கட்டளையிடுவார். அந்த இரண்டு மாதம்தான் உங்கள் உயிர்நாடி. அதில் மூன்று கிழமை ஏற்கனவே போய்விட்டது.

இரண்டு மாதம் கடந்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். அனுபவத்திலிருந்து சட்டபூர்வமற்ற முறையில் அகற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுபவத்தை மீட்க வழக்குப் போடலாம். அதுவும் கடந்தால் உறுதியை வைத்து உரிமை வழக்கு. ஆனால் ஒவ்வொரு கதவும் முந்தியதைவிடப் பாரமானது, செலவும் காலமும் கூடியது. பத்து வருடம் பேசாமல் இருந்தால் கடைசிக் கதவும் சாத்தப்படலாம்.

நாளைக்குச் செய்ய வேண்டியவை இவை. பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். பிடுங்கிய வேலிக் கட்டைகள் இன்னும் கிடந்தால் ஒன்றையும் அப்புறப்படுத்தாமல் படம் எடுங்கள். கட்டை இருந்த குழிகளையும் எடுங்கள், மழை வந்தால் அவை மூடிவிடும். பழைய வேலி தெரியும் வீட்டுப் படங்கள், பிறந்தநாள் படமாக இருந்தாலும் பரவாயில்லை, தேடுங்கள். வேலியைப் பார்த்த அயலவர் இருவரிடம் சத்தியக் கடதாசிக்குச் சம்மதம் கேளுங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூப்பிட்டு, உறுதியில் உள்ள பழைய பிளானை இன்றைய நிலத்தின்மேல் பொருத்தி மதில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று வரையச் செய்யுங்கள். மகனை அளவையாளருக்குச் சங்கிலி பிடிக்க விடுங்கள். அவனுக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும். இந்தக் கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு உங்கள் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.